இசை டீச்சருக்கு மூக்கடைத்த புதன்கிழமை

இசை டீச்சருக்கு மூக்கடைத்துக்கொண்ட புதன்கிழமை அந்தத் தெருவில் எதுவும் ஆரம்பிக்கவில்லை. டீக்கடை அடுப்பு திகுதிகுவென்று எரிந்தும் தண்ணீர் கொதிக்க ஆரம்பிக்கவில்லை. சலூன்காரர் கத்தரியை விரித்துப் பிடித்தபடி, காதோரம் மட்டும் முடி மிச்சமிருந்த ஒருவரின் தலைக்கு மேல் முக்கால் மணி நேரம் நின்றார். இருக்கிற நாலு முடிக்கு இவ்வளவு யோசனையா என்று அந்த மனிதருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பதினான்காம் நம்பர் பஸ்ஸின் டிரைவர் சாவியைத் திருகித் திருகி விரல் சிவந்துபோய் உட்கார்ந்திருந்தார். தையல்காரரின் கால் மெஷின் மிதியில் இருந்தது, மிதி இறங்கவில்லை. பல் டாக்டரின் கையில் டிரில் இருந்தது, அது சுற்றவில்லை; நாற்காலியில் வாயைப் பிளந்து கிடந்த நோயாளிக்கு மட்டும் அதில் வருத்தம் இல்லை. பேச்சு தடையில்லாமல் நடந்தது. அந்தத் தெருவில் பேச்சை யாரும் புதிதாக ஆரம்பித்ததே கிடையாது, எல்லாமே முந்தின நாள் பேச்சின் மிச்சம்தான்.

காரணம் தெருவில் எல்லோருக்கும் தெரியும். தெருவின் நடுவில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான பள்ளி இருக்கிறது. அதன் மாடியில், தெருவைப் பார்த்த ஜன்னலுள்ள அறையில், தினமும் காலை பத்து பத்துக்கு இசை வகுப்பு. பத்து பத்துக்கு டீச்சர் மூக்கால் ஒரு மூச்சை இழுப்பார். அந்த மூச்சில்தான் கடந்த எட்டு மாதமாகத் தெரு ஆரம்பித்துக்கொண்டிருந்தது. இது எப்படி வந்தது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். சலூன்காரர் தன்னிடமிருந்துதான் எல்லாம் தொடங்கியது என்பார், அதை நம்ப வேண்டாம். நடந்தது இதுதான்.

டீச்சருக்கு ஐந்து வயதிலிருந்தே அந்தப் பழக்கம் உண்டு. வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்னால் மூக்கால் 'ஸ்ர்ர்ர்' என்று ஒரு மூச்சு இழுப்பார். பக்கத்து அறையில் தூங்குகிறவர் புரண்டு படுக்கும் அளவுக்குச் சத்தம் வரும். வீட்டில் அம்மா அப்பா மூக்கு டாக்டரிடம் காட்டினார்கள். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, மூக்கு நன்றாக இருக்கிறது, கொஞ்சம் அதிகமாகவே நன்றாக இருக்கிறது என்றார். அதைவிடக் கடுமையான வைத்தியம் அக்காவுடையது. அக்கா ஆறு வயது மூத்தவள். தங்கை மூச்சிழுத்த மறு நொடியே "உறிஞ்சாதடி" என்று ஒரு குட்டு வைப்பாள். பள்ளிக்கூடத்தில், கல்யாண வீட்டில், ரயிலில், வேலைக்கான நேர்காணலுக்குக் கிளம்பும் வாசற்படியில் என்று எங்கேயும் "உறிஞ்சாதடி, மானம் போகுது." அக்கா பிறகு பல் டாக்டராகி, பார்வையற்ற பிள்ளைகளின் பள்ளிக்கு எதிரிலேயே கிளினிக் வைத்தாள். தங்கை கைக்குட்டையை நாலாக மடித்து மூக்கடியில் வைத்துக்கொண்டு பேசப் பழகினார். இசைக் கல்லூரியில் குச்சி பிடித்து வாத்தியக் குழுவை நடத்தும் பாடத்தை எடுத்ததற்கு ஒரே காரணம், அதில் பேச வேண்டியதில்லை என்பதுதான். குச்சியைத் தூக்கினால் எல்லோரும் தயாராவார்கள், இறக்கினால் ஆரம்பிப்பார்கள். அதில் முதலிடம் வாங்கினார். ஆனால் வேலைக்குப் போன இரண்டு பள்ளிகளிலும் பிள்ளைகள் குச்சியை மதிக்காமல் ஆளுக்கொரு நேரத்தில் ஆரம்பித்தார்கள். இரண்டு இடத்திலும் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவதாகக் கிடைத்தது இந்தப் பள்ளி.

முதல் நாள் டீச்சர் கரும்பலகையில் இருபது நிமிடம் ஸ்வரங்களை எழுதினார். கையெழுத்து முத்து முத்தாக வந்தது. எழுதி முடித்துத் திரும்பிப் பதினோரு பிள்ளைகளின் முகத்தையும் பார்த்த பிறகுதான் தான் செய்த காரியம் உறைத்தது. யாராவது பார்த்துவிட்டார்களா என்று வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு அவசர அவசரமாக அழித்தார். முன்வரிசையில் இருந்த ஏழு வயதுக் குட்டிப் பெண், "என்ன டீச்சர், எழுதினதை அழிச்சிட்டீங்க? தப்பா எழுதிட்டீங்களா?" என்று கேட்டாள். மறுநாள் டீச்சர் குச்சியைத் தூக்கினார். பிள்ளைகள் வாத்தியங்களோடு அமைதியாக இருந்தார்கள். குச்சியை இறக்கினார். இன்னும் அமைதியாக இருந்தார்கள். இப்படி ஒன்பது வேலை நாட்கள் போயின. இவ்வளவு அழுத்தமான பிள்ளைகளைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று டீச்சர் வீட்டில் வந்து அழுதார். அக்கா, "அங்கயும் ஆரம்பிக்கலையா? உன் ராசி அப்படி," என்றாள்.

அழுததற்கு அவருடைய வேலை மட்டும் காரணமல்ல. இசை வகுப்பைக் கல்வி அலுவலகம் ஒரு வருடத்துக்குத்தான் அனுமதித்திருந்தது. வருடக் கடைசியில் ஒரு தேர்வாளர் வருவார். பதினோரு பிள்ளைகளும் ஒரு பாட்டைச் சேர்ந்து ஆரம்பித்துச் சேர்ந்து முடித்தால் வகுப்பு நீடிக்கும். இல்லையென்றால் அறையில் பழைய ரிஜிஸ்டர்களை அடுக்கிவிட்டு, பிள்ளைகளைப் பக்கத்து அறைக்கு, நாற்காலிக்குப் பிரம்பு பின்னும் வகுப்புக்கு அனுப்பிவிடுவார்கள். பிரம்பு விரல் நுனியைக் கிழிக்கும். அந்தப் பிள்ளைகள் புத்தகம் படிப்பது அதே விரல் நுனியால்தான். விரலில் கட்டுப் போட்டிருந்த வாரமெல்லாம் அவர்களுக்குக் கதைப் புத்தகம் கிடையாது. அலுவலகத்தின் அனுமதிக் கடிதத்தில் இதெல்லாம் எழுதியிருக்கவில்லை. பிள்ளைகளின் கையைப் பிடித்து வாத்தியத்தில் வைத்தபோது டீச்சர் தானே தடவித் தெரிந்துகொண்டது.

பத்தாம் நாள் டீச்சருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. இன்றைக்கு நாலு வார்த்தை கேட்டே விடுவது என்று குச்சியை மேஜையில் எறிந்தார். கைக்குட்டையை எடுக்க மறந்து வாயைத் திறந்தார். திறப்பதற்கு முன்னால், பழக்கப்படி, மூக்கு 'ஸ்ர்ர்ர்' என்றது. அடுத்த நொடி பிள்ளைகள் ஒரே அடியில் ஆரம்பித்தார்கள். வயலின்கள் மூன்றும், புல்லாங்குழல்கள் இரண்டும், மவுத் ஆர்கன்கள், பியானோ, டிரம் எல்லாம் ஒரே கத்தியால் வெட்டிய மாதிரி ஒன்றாகப் புறப்பட்டன. டீச்சர் திட்ட வந்ததை மறந்து நின்றார். ஒன்பது நாள் ஏன் சும்மா இருந்தீர்கள் என்று கேட்டதற்கு, "நீங்க ஆரம்பிக்கச் சொல்லவே இல்லையே டீச்சர்," என்றான் டிரம் வாசிப்பவன். குச்சியைத் தூக்கினேனே என்றார் டீச்சர். "விஷ்ஷு விஷ்ஷுன்னு ஒரு சத்தம் கேட்டுச்சே, அது குச்சியா? ஈ விரட்டறீங்கன்னு நெனச்சோம்," என்றான் அவன். சேர்ந்து வாசிக்கிற பிள்ளைகளுக்கு முன்னால் ஒருவர் காதில் விழும்படி மூச்சிழுக்க வேண்டும், அந்த மூச்சின் வேகம்தான் பாட்டின் வேகம், இதுகூடத் தெரியாமலா டீச்சராக வந்தீர்கள் என்று பிள்ளைகள் விளக்கினார்கள். இருபத்தைந்து வருடம் கைக்குட்டைக்குள் ஒளித்துவைத்த மூக்கை டீச்சர் அன்றைக்குத்தான் வெளியே எடுத்தார். குச்சியை ஜன்னல் திரைக்குக் கம்பியாக மாட்டிவிட்டார்.

ஒரு வாரத்தில் அந்தத் திரை மூச்சிழுக்கும்போது உள்ளே வரத் தொடங்கியது. இரண்டாம் வாரம், பள்ளிச் சுவரை ஒட்டியிருந்த தையல்காரரின் மெஷின் பத்து பத்துக்குத் தானாக ஓடிற்று. பிறகு சலூன், பிறகு டீக்கடை, ஒரு மாதத்தில் தபால் அலுவலகம் முதல் பஸ் நிலையம் வரை தெரு முழுவதும் அந்த ஒரு மூச்சில் புறப்பட்டது. இதில் பல நன்மைகள் விளைந்தன. நாளைக்கு ஆரம்பிக்கிறேன் என்று ஆறு வருடமாக உடற்பயிற்சியைத் தள்ளிப்போட்ட தபால்காரர் ஒரு செவ்வாய்க்கிழமை தெரு நடுவில் தோப்புக்கரணம் போட ஆரம்பித்தார். ஒன்றரை வயதாகியும் நடக்காத குழந்தை நடந்தது. பேசாமல் இருந்த இரண்டு ஓரகத்திகள் பேச ஆரம்பித்தார்கள், ஆனால் இருவரும் ஒரே நொடியில் ஆரம்பித்ததால் ஒருவர் சொன்னது மற்றவருக்குக் கேட்கவில்லை. அதுவும் நல்லதற்குத்தான் என்று அவர்களுடைய கணவர்கள் கருதினார்கள். வெளியூர்க்காரர்கள்கூடக் கிளம்பாத ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டும், முதல் வரி வராத ஆராய்ச்சிக் கட்டுரையைச் சுமந்துகொண்டும் வந்து ஜன்னலுக்குக் கீழே வரிசையில் நின்றார்கள். இதில் ஒரே ஒரு குறை இருந்தது. இரண்டு மாதத்தில் தெருவுக்குத் தானாக எதையும் ஆரம்பிக்கும் பழக்கம் விட்டுப்போயிற்று. பத்து பத்துக்கு முன் அந்தத் தெருவில் டீ கிடையாது. ஞாயிற்றுக்கிழமை எதுவுமே ஆரம்பிக்காது, ஞாயிற்றுக்கிழமைக்கு அது தப்பும் இல்லை. அக்கா மட்டும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. தன் டிரில் பத்து பத்துக்கு ஓட ஆரம்பிப்பது மின்சார வாரியத்தின் ஏற்பாடு என்று சொல்லிவந்தாள்.

தேர்வுக்கான பாட்டு அறுபத்து நான்கு கட்டங்கள் கொண்டது. கண் தெரிந்தவர்கள் தாளைப் பார்த்துக்கொண்டே வாசித்துவிடலாம். விரலால் படிக்கிறவர்களுக்கு அது ஆகாது. வயலின் பிடித்த பிறகு புள்ளியைத் தடவ மூன்றாவது கைக்கு எங்கே போவது? அதனால் ஒவ்வொரு கட்டமும் தடிமனான ஓர் அட்டையில் புள்ளி எழுத்தில் குத்தப்பட்டு, அறுபத்து நான்கு அட்டைகளாகப் பெட்டியில் வந்தது. ஒரு நாளைக்கு ஓர் அட்டை. தடவிப் படித்து, மனதில் ஏற்றி, பிறகு வாத்தியத்தைத் தொட வேண்டும். டீச்சருக்குப் புள்ளி எழுத்து அப்போது தெரியாது, அதைப் பிள்ளைகளிடம் ஒப்புக்கொள்ள வெட்கம். பெட்டியை எந்தப் பக்கமாகத் திறந்தாரோ அந்தப் பக்கத்திலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்துக்கொண்டே போனார். மூன்று மாதம் முடிந்து பிள்ளைகள் பாட்டை முழுவதுமாக வாசித்துக் காட்டியபோது டீச்சருக்குத் தலை சுற்றியது. தெரிந்த பாட்டுதான், ஆனால் அது பின்புறமாக நடந்து வந்தது. பெட்டியை அவர் தலைகீழாகத் திறந்திருந்தார். பிள்ளைகள் அறுபத்து நான்காம் கட்டத்தில் ஆரம்பித்து ஒன்றாம் கட்டத்தில் முடித்திருந்தார்கள். "பாட்டுன்னா இப்படித்தான் இருக்கும்போலன்னு நெனச்சோம்," என்றார்கள் பிள்ளைகள். அதை மறுபடி நேராக்க இன்னும் இரண்டு மாதம் பிடித்தது.

இதில் அதிகம் நொந்துபோனது அந்த ஏழு வயதுக் குட்டி. வாத்தியங்களைப் பங்கு போட்டபோது அவளுக்கு மிஞ்சியது டிரையாங்கிள் மட்டும்தான். அதிலும் பாட்டு முழுவதற்கும் அவளுக்கு ஒரே ஓர் அடிதான், அறுபத்து நான்காம் கட்டத்தின் கடைசியில் ஒரு 'டிங்'. மற்ற பிள்ளைகள் அவளுக்கு டிங்கு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். தலைகீழ் அட்டையால் முதல் நாளே அவள் பாடம் முடிந்துபோயிற்று, மீதி ஐந்து மாதமும் அறுபத்து மூன்று வரை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பதே வேலை. "எனக்கு எப்ப டீச்சர் ஆரம்பம்?" என்று தினமும் கேட்பாள். நீதானே முடித்து வைக்கிறாய், அது எவ்வளவு பெரிய பொறுப்பு என்று டீச்சர் சமாதானம் சொல்வார். "முடிச்சா எல்லாரும் எந்திரிச்சுப் போயிடறாங்க டீச்சர். யாரும் இருந்து கேக்கறதில்லை," என்பாள் டிங்கு. உனக்கும் ஒரு நாள் வரும் என்று சொல்லி வைத்தார், எப்படி வரும் என்று அவருக்கே தெரியாமல்.

தேர்வாளர் வருவது புதன்கிழமை பத்து ஐம்பதுக்கு என்று தகவல் வந்தது. தலைமையாசிரியருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நடக்கும்போது வலது செருப்பு கிரீச்சிடுவதால் பிள்ளைகள் கிரீச் சார் என்று அழைக்கும் அந்த மனிதர், செவ்வாய்க்கிழமை மதியம் ஆளைக் கூப்பிட்டு இசை அறைக்குப் பளீரென்று மஞ்சள் பெயிண்ட் அடிக்க வைத்தார். சுவர், கூரை, ஜன்னல், கரும்பலகையின் சட்டம் எதுவும் மிஞ்சவில்லை. நல்லெண்ணத்தில்தான் செய்தார். ஜன்னலைச் சாத்திவைத்து அடித்ததால் வாசனை அறைக்குள்ளேயே தங்கிவிட்டது. புதன்கிழமை காலை பத்து பத்துக்கு டீச்சர் அறைக்குள் நுழைந்து மூச்சை இழுத்தார். ஒன்றும் வரவில்லை. இரண்டு மூக்கும் சிமென்ட் பூசியதுபோல அடைத்துக்கொண்டிருந்தன. வாயால் இழுத்துப் பார்த்தார், தெருவில் இருபது பேருக்கு விக்கல் வந்ததுதான் மிச்சம். ஆவி பிடித்தால் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள், ஆனால் ஆவிக்குத் தண்ணீர் கொதிக்க வேண்டும், தண்ணீர் கொதிக்க டீச்சர் மூச்சிழுக்க வேண்டும். தைலக் குப்பியின் மூடி திருகத் தொடங்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி ஆரம்பிக்கலாமே என்று யோசனை சொன்ன கிரீச் சாரால் ஒன்றைத் தாண்ட முடியவில்லை. சொல்லப்போனால் ஒன்றுக்கே வர முடியவில்லை.

தேர்வாளர் சரியாகப் பத்து ஐம்பதுக்கு வந்தார். அவர் வெளியூர்க்காரர், நடையை ரயில் நிலையத்திலேயே ஆரம்பித்துவிட்டதால் தெருவில் அவருக்கு ஒரு தடையும் இல்லை. கையில் வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு படியேறி வந்தார். அவருக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை என்பதை அலுவலகம் பள்ளிக்கு எழுதவில்லை. எழுத வேண்டிய விஷயம் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. கிரீச் சார் மஞ்சள் சுவரையும் வெள்ளைக் கோலையும் மாறி மாறிப் பார்த்தார். மனம் கேட்காமல், "அறை எப்படி இருக்கு சார்?" என்று கேட்டும் விட்டார். "பெயிண்ட் நல்லா வேலை செய்யுது," என்று தேர்வாளர் தும்மலை அடக்கிக்கொண்டார். நாற்காலி போட்டார்கள், உட்கார ஆரம்பிக்க முடியாமல் நின்றார். நிற்பதே தனக்கு வசதி என்றார். பையிலிருந்து புள்ளி எழுத்து எழுதும் சட்டத்தையும் ஊசியையும் எடுத்து, தாளைச் செருகி, "சரிம்மா, ஆரம்பிங்க," என்றார்.

டீச்சர் பிள்ளைகளைப் பார்த்தார். பதினோரு பேரும் தலையைச் சற்றுச் சாய்த்து, காதை அவர் மூக்கின் பக்கம் கொடுத்து உட்கார்ந்திருந்தார்கள். வயலின்காரப் பையனின் சுட்டுவிரலில் போன வருடப் பிரம்பு கிழித்த தழும்பு தெரிந்தது. பெண்ணாகப் பிறந்து ஒரு மூக்கை வைத்துக்கொண்டு இருபத்தைந்து வருடம் அதை அமுக்கி, எட்டு மாதம் நிமிர்ந்து நடந்து, வேண்டிய ஒரே ஒரு நாளில் அது கைவிட்டுவிட்டதே என்று டீச்சருக்கு அழுகை வந்தது. அழக்கூட ஆரம்பிக்க முடியவில்லை. ஒரு நிமிடம் போயிற்று. இரண்டாவது நிமிடமும் போயிற்று. தேர்வாளரின் ஊசி தாளுக்கு மேல் காத்திருந்தது. ஜன்னலுக்கு எதிரே கிளினிக் வாசலில் அக்கா டிரில்லோடு வந்து நின்றாள், சலூன்காரர் கத்தரியோடு வந்து நின்றார்.

அப்போதுதான் 'டிங்' என்று கேட்டது.

எல்லோரும் திடுக்கிட்டார்கள். டிங்குதான் அடித்திருந்தாள். எதுவுமே ஆரம்பிக்காத தெருவில் இவளால் மட்டும் எப்படி முடிந்தது என்று பின்னால் பலர் பல விதமாக ஆராய்ந்தார்கள், அவளைக் கேட்டால் எளிதாகச் சொல்லிவிட்டாள். "நான் ஆரம்பிக்கலையே. என்னோடது முடிவு. முடிக்கறதுக்கு எதுக்கு டீச்சர் மூச்சு?" அது நியாயம்தான், தெருவும் அதை நியாயமாகவே எடுத்துக்கொண்டது. டிங் என்றதும் மற்ற பத்துப் பேருக்கும் அடுத்தது என்ன என்று கை தானாகச் சொன்னது. முதன்முதலில் தடவிப் படித்த அட்டை அதுதானே. அறுபத்து நான்காம் கட்டத்திலிருந்து அறுபத்து மூன்றுக்கு இறங்கினார்கள், அங்கிருந்து அறுபத்து இரண்டுக்கு. வயலின்கள் பின்வாங்கின, புல்லாங்குழல்கள் வழிவிட்டன, டிரம் ஒவ்வொரு படியாகப் பின்பக்கம் வைத்தது. ஒருவர் கையும் தடுமாறவில்லை. தாளைப் பார்த்து வாசிக்கும் எந்தப் பெரிய குழுவைக் கூப்பிட்டு வந்தாலும் இது நடக்காது.

தெருவும் கூடவே இறங்கியது. தண்ணீர் கொதிக்க ஆரம்பிக்க வழியில்லாததால் டீக்கடைக்காரர் முதலில் காலி டம்ளர்களைக் கழுவினார், பிறகு வாடிக்கையாளர்கள் டீ ரொம்ப நன்றாக இருந்தது என்றார்கள், பிறகு குடித்தார்கள், பிறகு அவர் போட்டார். சலூன்காரர் பிடரியைத் துடைத்துக் கண்ணாடி காட்டிவிட்டு வெட்டினார். பதினான்காம் நம்பர் பஸ்ஸிலிருந்து நாற்பத்தோரு பேரும் அவரவர் ஊரில் இறங்கிப் போனார்கள்; அதன் பிறகு பயணம் செய்தார்கள், யாருக்கும் சிரமம் இல்லை. இரண்டு ஓரகத்திகளும் கட்டிப்பிடித்துச் சமாதானமாகி, அதற்கான சண்டையை அதற்குப் பிறகு போட்டுக்கொண்டார்கள். அக்கா நோயாளியிடம் "கொப்பளிச்சுத் துப்புங்க" என்றாள்.

மேலே பாட்டு இரண்டாம் கட்டத்தைக் கடந்து முதல் கட்டத்துக்கு வந்தது. பத்துப் பேரும் ஒரே நொடியில் முதல் ஸ்வரத்தை வாசித்துவிட்டு நிறுத்தினார்கள். தேர்வாளர் நகரவில்லை. அவருடைய ஊசி சட்டத்தின் இடது ஓரத்தில், கடைசிப் புள்ளிக்கு முன்னால் நின்றது. பிள்ளைகளும் வாத்தியத்தைக் கீழே வைக்கவில்லை. பாட்டு முடியவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். முதல் ஸ்வரத்துக்கு முன்னால் ஒன்று உண்டல்லவா, அது இன்னும் வரவில்லை. பதினோரு காதும் டீச்சர் பக்கம் திரும்பின. டீச்சருக்கு விஷயம் விளங்கிற்று. மூக்கில் கை வைத்தார். சிமென்ட் அப்படியே இருந்தது. தெருவெல்லாம் நின்று மேலே பார்த்தது. அந்த அமைதியில் எதிர்க் கிளினிக்கிலிருந்து அக்காவின் குரல், இருபத்தைந்து வருடமாகக் குட்டு வைத்த அதே குரல், தொண்டை கிழியக் கேட்டது. "உறிஞ்சுடி! என் கண்ணுல்ல, நல்லா உறிஞ்சுடி!"

'ஸ்ர்ர்ர்' என்றது மூக்கு. அது ஆரம்பம் இல்லை, முடிவு. அதனால் தடையில்லாமல் வந்தது. அதுவரை இழுத்ததிலேயே பெரிய மூச்சு அதுதான். திரை குச்சியோடு பிடுங்கிக்கொண்டு உள்ளே வந்தது, பெயிண்ட் வாசனை முழுவதும் டீச்சரின் மூக்கில் போய்ச் சேர்ந்தது, ஈரமாயிருந்த மஞ்சள் சுவர் அங்கேயே காய்ந்தது. தெருவில் டீக்கடைத் தண்ணீர் கொதித்தது, பஸ் உறுமியது, டிரில் சுற்றியது, பல் நோயாளி அலறினார். டீச்சர் அழ ஆரம்பித்தார், நிறுத்த அரை மணி நேரமாயிற்று.

தேர்வாளர் உட்கார்ந்தார். தாளைச் சட்டத்திலிருந்து எடுத்தார். கிரீச் சார் முன்னால் வந்து, பிள்ளைகள் இன்றைக்குத் தெரியாமல் திருப்பி வாசித்துவிட்டார்கள், இன்னொரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று தொடங்கினார். "எதைத் திருப்பி?" என்றார் தேர்வாளர். புள்ளி எழுத்தைச் சட்டத்தில் வைத்து எழுதுகிறவர்கள் தாளின் பின்பக்கத்தில், வலது ஓரத்திலிருந்து இடதுபக்கமாகக் குத்திக்கொண்டே வர வேண்டும். எழுதி முடித்துத் தாளைத் திருப்பிப் போட்டால்தான் நேராக வாசிக்க வரும். அவர் ஐம்பது வருடமாக அப்படித்தான் எழுதுகிறார். பிள்ளைகளும் அப்படித்தான் எழுதுகிறார்கள். அறையில் அது தெரியாதவர்கள் கண்ணுள்ள இரண்டு பேர் மட்டும்தான். தேர்வாளர் தாளைத் திருப்பிப் போட்டு விரலை ஓட்டினார். அறிக்கையின் கடைசி வரி இன்னும் பள்ளியில் இருக்கிறது. சேர்ந்து ஆரம்பித்தார்கள், சேர்ந்து முடித்தார்கள், இதில் எது எது என்பது அலுவலகத்துக்கு அவசியமில்லை என்று அதில் எழுதியிருந்தார். கிளம்பும்போது டிங்குவைக் கூப்பிட்டு, "நீதானா ஆரம்பிச்சவ?" என்று கேட்டார். "ஆமா சார், நான்தான் ஆரம்பிச்சேன்," என்றாள் டிங்கு, ஒரு நொடிகூடத் தயங்காமல்.

வகுப்பு நீடித்தது. டீச்சர் பிள்ளைகளிடமே புள்ளி எழுத்துப் படித்து, மூன்றாம் முறை தேறினார். கிரீச் சார் ஓய்வு பெற்றார், அவருக்குப் பின் வந்தவரின் செருப்பில் சத்தம் இல்லாததால் பிள்ளைகள் ஒரு வருடம் வரை அவரை நம்பவில்லை. டிங்கு வளர்ந்து பியானோவுக்குப் போனாள், டிரையாங்கிளை வேறொரு குட்டியிடம் கொடுக்கும்போது இதைச் சாதாரணமாக நினைத்துவிடாதே என்று கால் மணி நேரம் சொல்லிக் கொடுத்தாள். அக்கா அதன் பிறகு 'உறிஞ்சாதடி' என்று சொல்லவில்லை. பத்து பத்துக்கு நோயாளியின் வாய்க்குள் டிரில்லை வைத்துக்கொண்டு, எதிர் ஜன்னலைப் பார்த்து, "என் தங்கச்சி இப்ப உறிஞ்சுவா, கொஞ்சம் பொறுங்க," என்பாள். மற்ற நாட்களில் தெரு டீச்சரின் மூச்சில் ஆரம்பிக்கிறது. புதன்கிழமைகளில் மட்டும் டிரையாங்கிளில் தொடங்கி மூச்சில் முடிகிறது. அது அந்த நாளுக்கு அப்படியே பழகிவிட்டது, யாரும் மாற்ற முயலவில்லை. புதன்கிழமை அந்தத் தெருவில் யாரையாவது பார்க்கப் போகிறவர்கள் வாசலிலேயே "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போவது நல்லது.